முதல் தோட்டாவின் உதை: சீருடைப் பணிக்குத் தயாராகும் கல்வராயன் மலை இளைஞர்களுக்கு

கச்சிராயபாளையத்திலும் வெள்ளிமலையிலும் விடியற்காலையில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்குக் காவலர் தேர்வின் கணக்குகள் மனப்பாடம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். தேர்வாகிப் பயிற்சிப் பள்ளிக்குள் போனபின் வரும் ஒரு சோதனைக்கு மட்டும் யாரும் தயாராவதில்லை. அது துப்பாக்கிச் சுடும் தளத்தில் முதல் தோட்டா வெடிக்கும்போது தோளில் விழும் உதை.

ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரும் அந்த உதையில் மிரண்டுபோவதுண்டு. ஒல்லியான உடம்புக்காரர் முதல் நாளே நன்றாகச் சுட்டுவிடுவதும் உண்டு. உடல் பலத்தைவிட, உதையைப் பற்றிய தெளிவும் அதை வாங்கிக்கொள்ளும் முறையுமே இங்கே தீர்மானிக்கின்றன. இரண்டையும் கற்றுக்கொள்ளலாம்.

உதை எங்கிருந்து வருகிறது?

பத்தாம் வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னால் பாய்கின்றன. அதே உந்தத்துடன் துப்பாக்கி பின்னால் வருகிறது. குண்டு கனமாகவும் வேகமாகவும் இருந்தால் உதை கூடும். துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். எடை குறைந்த துப்பாக்கி தூக்கச் சுலபம், சுடக் கஷ்டம் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோராயமாகக் கணக்குப் போட்டால், பழைய 303 ரைஃபிளின் உதை 15 ஜூல் அளவு. 5.56 மி.மீ. இன்சாஸ் ரைஃபிளில் அது 4 ஜூல்தான். 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். 303-க்கு நிகரான தோட்டாவைச் சுட்டாலும், வாயுவால் இயங்கும் பொறி உதையைச் சற்றுப் பரப்பிக் கொடுப்பதால் அடி மொட்டையாகத் தெரியும். 12 போர் துப்பாக்கியில் முழுத் தோட்டா போட்டால் உதை 30 ஜூலைத் தாண்டும். நம்மூர் வங்கி வாசலில் காவலாளி தோளில் தொங்குகிறதே, அந்தத் துப்பாக்கிதான் இந்தப் பட்டியலில் முரட்டு ஆசாமி.

கைத்துப்பாக்கிக்கு வருவோம். நம் நாட்டில் உரிமம் பெற்ற பொதுமக்கள் வைத்திருக்கும் .32 ரிவால்வரின் உதை 2 ஜூல் அளவே. சினிமாவில் பார்க்கும் .44 மேக்னம் ரிவால்வரில் அது 25 ஜூலுக்குப் போகிறது. 303-ஐவிட அதிகமான அந்த உதையைத் தாங்கத் தோள் கிடையாது. ஒன்றே கால் கிலோ, ஒன்றரை கிலோ இரும்பை மணிக்கட்டே சமாளிக்க வேண்டும். பெரிய ரிவால்வர்களுக்கென்று உலகெங்கும் தனியாகப் பயிற்சி முறைகள் வளர்ந்தது இதனால்தான். இந்தியாவில் அவை உங்கள் கைக்கு வரப்போவதில்லை. ஆனால் அந்த முறைகள் 9 மி.மீ. பிஸ்டலுக்கும் 303-க்கும் அப்படியே பொருந்தும்.

எடை என்ன செய்யும் என்பதற்கு உள்நாட்டு உதாரணம் ஒன்று. 2014-ல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை பெண்களை மனத்தில் வைத்து ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை 500 கிராம்தான். கைப்பையில் வைக்க வசதி. ஆனால் 700 கிராம் ரிவால்வரில் சுடும் அதே தோட்டாவை இதில் சுட்டால் உதை கூடுதலாகவே இருக்கும்.

எதிரி உதை அல்ல, பயம்

303-ல் குண்டு குழலை விட்டு வெளியேறும் நேரத்துக்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மட்டுமே. உங்கள் தோள் உதையை உணரும்போது குண்டு போய்விட்டது. பிடியும் நிலையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும்வரை உதை குறியைக் கெடுப்பதில்லை. உதை வரப்போகிறதே என்று முன்கூட்டியே உடம்பு செய்யும் வேலைதான் கெடுக்கிறது. கண் மூடுகிறது, தோள் பின்வாங்குகிறது, மணிக்கட்டு குழலைக் கீழே அழுத்துகிறது, விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறது. எல்லாம் வெடிப்பதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்.

வலக்கைக்காரர் பிஸ்டல் சுட்டு, அட்டையில் துளைகள் இடப்பக்கம் கீழே குவிந்திருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த நேரத்தில் சைட்டைத் திருகிக் கொண்டிருக்காதீர்கள். திருத்த வேண்டியது உங்களைத்தான்.

பயத்தை வெளியே கொண்டுவரப் பயிற்சியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுடுபவர் பார்க்காமல், மேகசினில் அசல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி ஒன்றைச் செருகிக் கொடுப்பார்கள். முதல் தோட்டா வெடிக்கும். இரண்டாவதும் வெடிக்கும். மூன்றாவதுக்கு ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே கேட்கும். உதை இல்லை, புகை இல்லை. ஆனாலும் குழலின் நுனி இரண்டு விரற்கடை கீழே போய்வரும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்; சுட்டவருக்கே முகம் சிவக்கும். ரிவால்வரில் இது இன்னும் சுலபம். ஆறு அறைகளில் மூன்றை மட்டும் நிரப்பி உருளையைச் சுற்றி மூடினால், எது வெடிக்கும் எது வெடிக்காது என்று சுடுபவருக்கே தெரியாது. ‘டிக்’ சத்தத்திலும் குழல் அசையாத நாள் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரைஃபிள்: தோளோடு ஒட்ட வேண்டும்

வலிக்குமோ என்று நினைத்து, ரைஃபிளின் பின்கட்டையான ‘பட்’டைத் தோளிலிருந்து ஓர் இழை விலக்கிப் பிடிப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அந்த இடைவெளியில்தான் துப்பாக்கி வேகமெடுத்து வந்து மோதுகிறது. மலையில் தலைச்சுமை தூக்கியவருக்கு இது புரியும்: தலையோடு ஒட்டிய சுமை கூடவே வரும், தளர்ந்த சுமை அடிக்கு அடி இடிக்கும். நான்கு விஷயங்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பட் உட்காரும் இடம். காறை எலும்பின் மேலும் கூடாது, புஜத்தின் மேலும் கூடாது. இரண்டுக்கும் நடுவே சதைப்பற்றான ஒரு பள்ளம் இருக்கிறது. கையை முன்னே நீட்டி, மறுகை விரலால் தடவினால் தட்டுப்படும். அதில் பட்டை அழுத்தி உட்கார வையுங்கள். சுட்ட மறுநாள் கன்றிப்போய் நீலம் பாய்ந்த இடத்தைப் பார்த்தால், பட் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, கன்னம். பட்டின் மேல் கன்னம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படிய வேண்டும். தலையைத் தூக்கி வைத்துச் சுட்டால் கட்டை திரும்பி வந்து தாடையில் இடிக்கும்.

மூன்றாவது, உடம்பின் கோணம். படுத்துச் சுடும்போது கால்களை விரித்துக் குதிகாலைத் தரையில் படிய வையுங்கள். நின்று சுடும்போது இடது கால் முன்னே, முழங்கால் லேசாக மடங்கி, மேலுடம்பு சற்று முன்சாய்ந்து இருக்கட்டும். உதைக்குப் பயந்து பின்னால் சாய்ந்து நின்றால் 12 போர் உங்களை ஓரடி நகர்த்திவிடும்.

நான்காவது, மூச்சும் விரலும். பாதி மூச்சை விட்டு நிறுத்திக்கொண்டு, டிரிகரை விரல் நுனிச் சதையால் மெல்ல மெல்ல அழுத்துங்கள். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு அழுத்தம் சீராக ஏற வேண்டும். வெடித்த பிறகும் ஒரு நொடி விரலை எடுக்காமல் குறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ரிவால்வர், பிஸ்டல்: மணிக்கட்டுக்கு நேரே

கைத்துப்பாக்கியில் உதை இரண்டு வேலை செய்கிறது. ஒன்று நேராகப் பின்னே தள்ளும். இன்னொன்று குழலை மேலே தூக்கும். குழல் கைப்பிடியைவிட உயரத்தில் இருப்பதால்தான் தூக்கல். எனவே எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடிக்க வேண்டும். உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. குழல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒரே கோட்டில் வரட்டும். கோணலாகப் பிடித்தால் கட்டைவிரல் மூட்டு அடி வாங்கும்.

இரண்டு கைகளும் வேண்டும். துணைக்கை விரல்கள் சுடும் கையின் விரல்களைச் சுற்றி இறுக்கட்டும். இறுக்கம் துணைக்கையில் அதிகமாக இருந்தால், சுடும் கையின் ஆட்காட்டி விரல் சுதந்திரமாக இருக்கும். முழங்கையைப் பூட்டாமல் லேசாக மடக்கி வையுங்கள். கை நடுங்கும் அளவுக்கு இறுக்கியிருந்தால் ஒரு பங்கு தளர்த்துங்கள்.

ரிவால்வருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. சுடும்போது அதன் வழியே சூடான வாயுவும் உலோகத் துகள்களும் பக்கவாட்டில் சீறும். துணைக்கையின் விரலோ கட்டைவிரலோ அந்த இடத்தருகே போகவே கூடாது. பிஸ்டல் சுட்டுப் பழகியவர்கள் ரிவால்வரை எடுக்கும்போது செய்யும் தவறு இது. பிஸ்டலில் கட்டைவிரல்கள் முன்னோக்கி நீளும். ரிவால்வரில் அவை மடங்கிப் பின்னால் இருக்க வேண்டும்.

உதை பலமான ரிவால்வர்களில் இன்னொன்றும் நடக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னே நழுவி வெளியே நீட்டிக்கொண்டு உருளையைச் சுற்றவிடாமல் பண்ணிவிடும். உருளை நின்றுபோனால் பலவந்தமாகத் திருகாதீர்கள். குழலை இலக்கை நோக்கியே வைத்து, கையை உயர்த்தி, அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

பெரிசுதான் உசத்தியா?

பிரிட்டிஷ் படை 1887-லிருந்து .455 வெப்லி ரிவால்வரை வைத்திருந்தது. முதல் உலகப்போரில் பார்த்த அனுபவம் வேறு மாதிரி இருந்தது. அவசரமாகப் படையில் சேர்ந்தவர்களை அந்தக் கனத்த ரிவால்வரில் பழக்குவது பெரும்பாடு. எனவே 1930-களில் .38-க்கு இறங்கிவந்தது. அமெரிக்க எஃப்.பி.ஐ. இதே பாடத்தை இன்னொரு முறை படித்தது. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு 10 மி.மீ. தோட்டாவுக்குப் போய், உதை தாளாமல் .40-க்கு இறங்கி, கடைசியில் 9 மி.மீ.க்கே திரும்பியது. சுடுபவர் கட்டுப்படுத்த முடியாத துப்பாக்கியால் யாருக்கும் பயனில்லை என்பதே இரண்டு அமைப்புகளும் கண்ட முடிவு.

விளையாட்டிலும் இதே நிலைதான். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் மேக்னம் தோட்டாவுக்கு அனுமதியே கிடையாது.

உதையோடு வாழ்வது எப்படி என்று பார்க்க வேண்டுமானால், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியாளர்களைப் பாருங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஆண்கள் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். தகுதிச் சுற்றில் இரண்டு நாட்களில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். எல்லாம் 12 போர். இதைத் தோள் தாங்குவதற்கு மூன்று காரணங்கள்: தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் கூடாது என்ற விதி, கனமான துப்பாக்கி, ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் அதே பள்ளத்தில் வந்து உட்காரும் பட்.

துப்பாக்கியே இல்லாமல் பழகுவது

இன்றே தொடங்கக்கூடிய பயிற்சிகள் சில உண்டு. இவற்றுக்கு ஆயுதம் தேவையில்லை.

• ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரு கையாலும் பிடித்து முன்னே நீட்டி ஒரு நிமிடம் நில்லுங்கள். தோள் நடுக்கம் குறைந்தபின் நேரத்தைக் கூட்டுங்கள்.

• தண்ணீர் நிறைந்த வாளியை விரல்களால் மட்டும் பிடித்து நடங்கள். பிடி இறுகும்.

• தண்டால் எடுங்கள், பிளாங்க் நில்லுங்கள். உதையை வாங்குவது கை மட்டுமல்ல, இடுப்பும் முதுகும் சேர்ந்துதான்.

• அமுக்கு பேனாவை நான்கு விரல்களால் இறுகப் பிடித்து, மற்ற விரல்கள் அசையாமல் ஆட்காட்டி விரலை மட்டும் மெல்ல மடக்கி நீட்டுங்கள். டிரிகர் பழக்கத்தில் பாதி இதுதான்.

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. இருந்தால் விடாதீர்கள். அங்கே தரும் .22 ரைஃபிளில் உதை இருப்பதே தெரியாது. பயம் வருவதற்கு முன் முறை வந்துவிடும். சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போவதுதான் உலகம் ஒப்புக்கொண்ட வழி. காவலர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண்ணும் உண்டு.

பயிற்சிப் பள்ளிக்குள் போனபின், தோட்டா இல்லாத ரைஃபிளில் டிரிகர் அழுத்திப் பழக நேரம் கொடுப்பார்கள். சலிப்பாக இருக்கும். தவறவிடாதீர்கள். குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, டிரிகர் அழுத்தும்போது அது விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காதும் கண்ணும்

பலர் மிரள்வது உதைக்கு அல்ல, சத்தத்துக்கு. மூளை இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. 140 டெசிபலைத் தாண்டிய ஒற்றைச் சத்தமே காதுக்கு நிரந்தரச் சேதம் தரலாம். ரைஃபிளும் ரிவால்வரும் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பானைப் போட்டு, அதன் மேல் காதுமூடியையும் மாட்டிக்கொள்ளுங்கள். சத்தம் அடங்கியதும் உதை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். இரண்டும் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். காதில் பஞ்சு வைத்தால் போதும் என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். கண்ணாடியும் கட்டாயம்.

தளத்தில் நடந்துகொள்ளும் விதம்

வேலையிடத்தில் மரியாதை என்பது வாயை மூடிக்கொண்டு வலியைப் பொறுப்பது அல்ல. “அய்யா, பட் தோளில் சரியா உட்கார மாட்டேங்குது” என்று முதல் ரவுண்டிலேயே சொல்லுங்கள். சொல்லாமல் முடித்து, தேர்வு நாளில் குறி தவறினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் ரைஃபிளின் பட் நீளமாகத் தெரியலாம். தோள் திரும்பும் கோணத்தைச் சற்று மாற்றினாலே சரியாகிவிடும். அதைச் சொல்லித்தரப் பயிற்சியாளருக்குத் தெரியும்.

மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மருத்துவரிடம் போங்கள். உதையால் வரும் தசைநார் அழற்சி ஓய்வில் ஆறும். மறைத்துச் சுட்டால் முற்றும். களைத்த உடம்போடு கூடுதல் ரவுண்டு கேட்டு வாங்காதீர்கள். பயம் பழக்கமாக மாறுவது அந்தக் கடைசி ரவுண்டுகளில்தான்.

நாட்டுத் துப்பாக்கி அனுபவம் அனுபவமே அல்ல

மலையில் பன்றி விரட்டவும் வேட்டைக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ‘எங்க தாத்தா காலத்திலேயே சுட்டுப் பழகினவங்க’ என்ற பெருமையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். குத்துமதிப்பாக மருந்து கொட்டி இடிக்கும் துப்பாக்கியில் இன்றைய உதை நாளைக்கு இருக்காது. குழல் வெடித்து விரல் போனவர்களும் உண்டு. சட்டமும் இரக்கம் காட்டாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தப்படி, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அப்படி ஒரு வழக்கு பதிவானால் காவலர் வேலைக்கான நன்னடத்தை விசாரணையிலேயே கதவு மூடிவிடும். வீட்டில் பழையது ஒன்று பரணில் கிடந்தால், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் வழியைப் பாருங்கள்.

பன்றி பிரச்சினைக்கும் இப்போது வேறு பாதை வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை, பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நன்றாகச் சுடத் தெரிந்த வனக்காவலருக்கு இனி வேலை அதிகம்.

எங்கெங்கே வாய்ப்பு?

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். பழங்குடியினருக்கு வயது வரம்பு 31. உயரம் ஆண்களுக்கு 167 செ.மீ., பெண்களுக்கு 157 செ.மீ. என்று தளர்வு உண்டு. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-ம் அணி நம் மாவட்டத்து உளுந்தூர்பேட்டையிலேயே இருக்கிறது.

வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வோடு வருகின்றன. வனக்காப்பாளருக்கான நடைத் தேர்வில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ. தூரத்தை 4 மணி நேரத்தில் நடக்க வேண்டும். மலையில் பிறந்த கால்களுக்கு இது புதிதல்ல.

மத்தியப் படைகளுக்கு எஸ்.எஸ்.சி. ஜி.டி. காவலர் தேர்வு, ராணுவத்துக்கு அக்னிவீர். எல்லாவற்றுக்கும் சாதிச் சான்றிதழ் அடிப்படை. பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டியது. அறிவிப்பு வந்தபின் அலையாமல் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறதா? ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும்போது பிடிக்கும் தோளுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தளத்தில் முதல் தோட்டா வெடிக்கும்போது கண்ணைத் திறந்தே வையுங்கள். மற்றதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.